எஞ்சினைத் தாங்கும் ரப்பர்

புறப்படுவதற்கு முன் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் பேருந்தில் அமர்ந்திருந்த அனுபவம் நேயர்கள் அனைவருக்கும் இருக்கும். சன்னற் கண்ணாடிகள் கிடுகிடுவென்று ஆடுகின்றன. முன் இருக்கையின் கம்பியைப் பற்றிய கை மரத்துப்போகிறது. தலைக்கு மேல் வைத்த பெட்டி மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வருகிறது. ஓட்டுநர் வந்தமர்ந்து ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறார். எஞ்சின் முன்னிலும் விரைவாகச் சுழல்கிறது. அவ்வாறாயின் ஆட்டமும் மிகவேண்டும் அன்றோ? மிகவில்லை, அடங்கிவிடுகிறது. கண்ணாடிகள் ஓய்கின்றன, பெட்டியும் இருந்த இடத்தில் இருக்கிறது.

இந்த விந்தையைச் செய்வன எஞ்சினுக்கும் வண்டியின் சட்டத்துக்கும் இடையே ஒளிந்திருக்கும் இரண்டு மூன்று ரப்பர்க் கட்டைகளே. இரும்புத் தகடுகளுக்கிடையே ரப்பரை ஒட்டவைத்துச் செய்த எளிய பொருள்கள் அவை. பட்டறைகளில் அவற்றை மவுண்டிங் என்பார்கள். இப்பேச்சில் நான் தாங்கிகள் என்றே சொல்லிவருவேன். அவை நல்ல நிலையில் இருக்கும்வரை அவற்றை ஒருவரும் நினைப்பதில்லை. கெட்ட பிறகும் பெரும்பாலோர் நினைப்பதில்லை என்பதுதான் வருந்தத்தக்கது. ஏனெனில் தாங்கி கெட்டால் நோய் தாங்கியில் தோன்றுவதில்லை, வேறெங்கோ தோன்றுகிறது. பழைய கார் ஒன்றைப் பந்தயத்துக்கு எடுத்துச் செல்பவருக்கு இது வெறும் செலவுக் கணக்கு மட்டுமன்று, சில வேளைகளில் உயிர்க் கணக்கும் ஆகும்.

முதலில் அந்த விந்தையின் காரணத்தைப் பார்ப்போம். ஊஞ்சலுக்கென்று ஒரு நடை உண்டு. அந்த நடைக்கு ஒத்துச் சிறு பிள்ளை தள்ளினாலும் ஊஞ்சல் விண்ணை முட்டும். அதைவிடப் பன்மடங்கு விரைவாகக் கையை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஊஞ்சல் நின்ற இடத்திலேயே நிற்கும், கைதான் சலிக்கும். ரப்பரின் மேல் அமர்ந்த எஞ்சினுக்கும் அவ்வாறே ஒரு சொந்த நடை உண்டு. எஞ்சினின் அதிர்வு அந்த நடையோடு ஒத்துப்போகும்போது ஆட்டம் பெருகும். அந்த நடையைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டியதும் ரப்பர் அதிர்வை விழுங்கத் தொடங்கும். விரைவு மிக மிக, சட்டத்துக்குச் செல்லும் அதிர்வு குறைந்துகொண்டே போகும்.

நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது இரண்டு இறங்குகின்றன. ஆகவே ஒன்றின் உதைப்பை மற்றொன்று சரிக்கட்டிவிடும் என்று தோன்றும். ஆனால் பிஸ்டன் மேற்பாதியில் செல்லும் விரைவும் கீழ்ப்பாதியில் செல்லும் விரைவும் ஒன்றல்ல. ஆதலால் ஒவ்வொரு சுற்றுக்கும் இருமுறை ஒரு மிச்ச உதைப்பு எஞ்சி நிற்கிறது. நிமிடத்துக்கு 900 சுற்றில் ஓய்ந்து ஓடும் எஞ்சின் நொடிக்கு 30 முறை உதைக்கிறது. பந்தயத்தில் 7000 சுற்றில் ஓடுவது நொடிக்கு 233 முறை உதைக்கிறது. அந்த முப்பதையும் விழுங்கவேண்டுமானால் ரப்பர் மிக மென்மையாக இருத்தல் வேண்டும்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. எஞ்சின் அதிர்வது மட்டுமன்று, முறுகவும் செய்கிறது. படகிலிருந்து கரைக்குத் தாவுபவன் படகைப் பின்னே தள்ளிவிடுகிறான். சக்கரத்தை முன்னோக்கி உருட்டும் எஞ்சினும், அதே முறுக்கின் அளவுக்குத் தான் பின்னோக்கித் திரும்ப முயல்கிறது. அதைத் திரும்பவிடாமல் பிடித்து நிறுத்துவதும் தாங்கிகளின் கடமை. அதிர்வை விழுங்க மென்மை வேண்டும்; முறுக்கைத் தாங்க வன்மை வேண்டும். ஒரே ரப்பரிடம் இரண்டையும் கேட்கிறோம்.

மோட்டார் வண்டியின் தொடக்க காலத்தில் இத்தொல்லை இல்லை. எஞ்சினைச் சட்டத்தோடு இறுக முடுக்கிவிட்டுப் பற்களைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். 1908-இல் வந்த ஃபோர்டு டி வண்டியில் எஞ்சினை மூன்று இடங்களில் மட்டும் தாங்கவைத்தது கூட அதிர்வுக்காக அன்று. கரடுமுரடான சாலையில் சட்டம் முறுகும்போது எஞ்சினின் அடிப்பெட்டி பிளவாமல் இருப்பதற்காக. மெய்யான தீர்வு 1931-இல் வந்தது. அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்துப் பொறியாளர்கள் பிளிமத் காரில் முன் தாங்கியை உயரத்திலும் பின் தாங்கியைத் தாழ்விலும் வைத்தார்கள். இரண்டையும் சேர்க்கும் கோடு எஞ்சினின் எடை மையத்தின் வழியே சென்றது. ஆகவே எஞ்சின் தன் இயல்பான அச்சைச் சுற்றியே மென்மையாக அசைந்தது. அந்த அசைவு வரம்பு மீறாதிருக்க, பக்கவாட்டில் ஒரு பட்டை வில்லைத் தனியே பொருத்தினார்கள். 'மிதக்கும் ஆற்றல்' என்று அதற்குப் பெயர் சூட்டினர். பிரெஞ்சு நாட்டு சித்ரோயன் நிறுவனம் அதன் உரிமையைப் பெற்று, 1932 முதல் தன் கார்களில் அமைத்து, நீரில் மிதக்கும் அன்னத்தை அடையாளமாகப் பொறித்தது. விளம்பரத்துக்குப் பொருத்தமான அன்னம்தான். ஆனால் நாம் நினைவில் வைக்கவேண்டியது அன்னத்தை அன்று, அந்தப் பட்டை வில்லை. எடையைத் தாங்குவது ஒன்று, முறுக்கைத் தடுப்பது வேறொன்று என்று வேலையை இரண்டாகப் பிரித்ததே அவர்கள் செய்த பெருஞ்செயல். பழைய பந்தயக் காரின் தாங்கியை மாற்றுபவருக்கு வழிகாட்டும் கருத்தும் அதுவே.

இதனை ஒரு காரைக் கொண்டு விளக்குவது நலம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து, 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த மினி கார் அதற்கு மிகவும் ஏற்றது. பத்தடி நீளமே உள்ள காரில் நால்வரை உட்காரவைப்பதற்காக அவர் எஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்ப் பெட்டியை எஞ்சினின் அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். ஜான் குப்பர் அதனைப் பந்தயத்துக்குத் தக்கதாக்கினார். 1961-இலும் 1962-இலும் பிரிட்டிஷ் சலூன் கார்ப் பந்தய விருதை மினியே வென்றது. 1964, 1965, 1967 ஆகிய மூன்று ஆண்டுகளில் மாண்டி கார்லோ ராலியையும் வென்றது. 2000-ஆம் ஆண்டில் அந்த மினியின் உற்பத்தி நின்றது. ஆனால் பந்தயம் நிற்கவில்லை. 2019-இல் மினியின் அறுபதாம் ஆண்டையொட்டி இங்கிலாந்தின் குட்வுட் ஓடுகளத்தில் மினிகள் மட்டுமே கலந்துகொண்ட பந்தயம் நடந்தது. அறுபது வயதுக் கார்களை அவற்றின் இளமையினும் கடுமையாக ஓட்டுகிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

மினியின் தாங்கிகள் படும் பாட்டை அறிய ஒரு சிறு கணக்குப் போதும். எஞ்சின் நெடுக்காக அமைந்து பின் சக்கரங்களை ஓட்டும் காரில், இறுதிப் பல்சக்கரம் பின் அச்சில் இருக்கிறது. அது பெருக்கும் முறுக்கின் எதிர்விளைவைப் பின் அச்சே ஏற்றுக்கொள்கிறது. மினியில் கியர்ப் பெட்டியும் இறுதிப் பல்சக்கரமும் எஞ்சினோடு ஒரே உடலாய் இருக்கின்றன. ஆகவே சக்கரத்துக்குச் செல்லும் முறுக்கு முழுவதும் எதிர்விளைவாக அந்த உடலின்மேலேயே வந்து விழுகிறது. குப்பர் எஸ் 1275 எஞ்சினின் உச்ச முறுக்கு 79 பவுண்டு-அடி. முதல் கியர் அதனை 3.2 மடங்காக்குகிறது, இறுதிப் பல்சக்கரம் அதனை மேலும் 3.44 மடங்காக்குகிறது. ஆக மொத்தம் பதினொரு மடங்கு, 870 பவுண்டு-அடி. காரோ மிகச் சிறியது. அந்த முறுக்கு ஒவ்வொரு முறையும் எஞ்சினின் தலையைப் பின்னோக்கி, ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னுள்ள தடுப்புத் தகட்டை நோக்கிச் சாய்க்க முயல்கிறது. காலை எடுத்தால் முன்னோக்கிச் சாய்கிறது. ஒரு சுற்றுக்குப் பத்து வளைவுகள் இருந்தால், இருபது முறையாவது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

இதைத் தடுப்பதற்கென்றே, எஞ்சினின் இரு முனைகளிலும் கீழே இரண்டு ரப்பர்த் தாங்கிகளோடு, மேலே ஒரு இரும்புக் கம்பியும் மினியில் உண்டு. அதன் ஒரு முனை எஞ்சினிலும் மறு முனை தடுப்புத் தகட்டுப் பக்கத்திலும் ரப்பர்ப் பூண்களுக்குள் பிணைக்கப்பட்டிருக்கும். பிளிமத்தின் பட்டை வில்லுக்குத் தம்பி என்று அதனைக் கொள்ளலாம். நான் அதனை நிலைக்கம்பி என்பேன். கீழ்த் தாங்கிகள் எடைக்கு, நிலைக்கம்பி முறுக்குக்கு. கட்டைவிரலளவுகூட இல்லாத அந்தப் பூண் தேய்ந்தால் முழுப் பாரமும் கீழ்த் தாங்கிகள்மேல் விழும். அவையோ முறுக்குக்கென்று செய்யப்பட்டவை அல்ல.

இனி நோய்க் குறிகள். நான் முன்பே சொன்னதுபோல, அவை வேறிடங்களில் தோன்றுகின்றன. மினியின் புகைக்குழாய் எஞ்சினின் பின்புறத்தில் தொடங்கித் தரையை ஒட்டிப் பின்னே செல்கிறது. எஞ்சின் ஆடும்போது குழாயின் மேல்முனை அதனோடு ஆடுகிறது. கீழ்முனையோ காரின் தரையோடு கட்டுண்டு கிடக்கிறது. நடுவில் உள்ள இணைப்பு பிளவுபடுகிறது. அதைப் பற்றவைப்பார்கள், மறு பந்தயத்தில் மீண்டும் பிளவுபடும். மீண்டும் பற்றவைப்பார்கள். மூன்றாம் முறை புதுக் குழாயே வாங்குவார்கள், அதுவும் உடையும். குற்றம் குழாயிலன்று, ஒரு கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பூணில் என்று ஒருவர் சொல்லும்வரை இந்தத் திருவிளையாடல் தொடரும். இவ்வாறே, கியர்க் கோல் ஓட்டுநரின் கைக்குள் முன்னும் பின்னும் தலையாட்டும். கியர் தானாக நழுவும். பெட்டியைத்தான் பழி சொல்வார்கள். கிளட்சை விடும்போது கார் குதிரைபோல் துள்ளும்; கிளட்ச் தட்டை மாற்றுவார்கள். தட்டை மாற்றுவதற்காக எஞ்சினை அசைத்ததில் பாதி அறுந்திருந்த தாங்கி முழுதும் அறுந்துவிடுவதும் உண்டு.

சோதிப்பது கடினமன்று. எஞ்சின் ஓடாதபோது அதன் தலையைப் பற்றி முன்னும் பின்னும் ஓங்கி அசைத்தால், நல்ல பூண் மெல்ல இணங்கித் திரும்பும். தேய்ந்த பூண் 'டக்' என்று ஓசையிடும். பிறகு கியர்ப் பெட்டியின் அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் சிறிதே உயர்த்தி, விளக்கைக் காட்டித் தாங்கியைப் பார்க்கவேண்டும். ரப்பரும் இரும்பும் சேரும் கோட்டில் வாய் பிளந்தால் அதன் காலம் முடிந்தது. ரப்பரின் மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் இருப்பது மட்டும் மரண ஓலை அன்று. ஒட்டு விட்டுப்போவதே மரண ஓலை.

ரப்பர் ஏன் கெடுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெப்பமும் காற்றிலுள்ள உயிர்வாயுவும் சேர்ந்து அதனை ஆண்டுதோறும் இறுகச் செய்கின்றன. ஓசோன் இழுபட்ட பகுதிகளில் வெடிப்பை உண்டாக்குகிறது. எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊறி உப்பிப் பசையாகிறது. மினியில் ரேடியேட்டர்ப் பக்கத்துத் தாங்கி, எஞ்சினின் முன் எண்ணெய்த் தடுப்புக்குக் கீழ்ப்புறமாக இருப்பதால் கசியும் எண்ணெயில் குளிப்பது வழக்கம். கசிவை நிறுத்தாமல் தாங்கியை மட்டும் மாற்றுவது ஓட்டைப் பானையில் நீர் இறைப்பது போலாகும். இத்தனை பகைவர் இருந்தும் இயற்கை ரப்பரை இன்றும் தாங்கிகளுக்கு விரும்புவதற்குக் காரணம் உண்டு. இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அணிவகுத்து, வெடிப்பு மேலும் பரவாமல் தடுக்கின்றன. செயற்கை ரப்பர்களுள் பலவற்றுக்கு இக்குணம் இல்லை. மினி பிறந்த நாளில் உலகத்து இயற்கை ரப்பரில் கணிசமான பங்கு மலாயாவிலிருந்து சென்றது. அத்தோட்டங்களில் விடியலுக்கு முன் எழுந்து மரத்தைக் கீறிப் பால் வடித்தவர்களில் தமிழர் ஏராளம். மாண்டி கார்லோவின் பனிமலைச் சாலைகளில் எஞ்சினைத் தாங்கிய ரப்பரில் அவர்கள் உழைப்பும் கலந்திருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது தவறாகாது.

உயிர்க் கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னேன். அது அச்சுறுத்துவதற்காகச் சொன்னதன்று. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1960-களின் பிற்பகுதியில் செய்த ஷெவர்லே கார்களில் ஏறத்தாழ 67 லட்சத்தைத் திரும்ப அழைத்தது. அவற்றில் தாங்கியின் ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்துவிட்டால், ஆக்ஸிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் ஒரு பக்கமாக மேலெழும். எழுகின்ற எஞ்சின் ஆக்ஸிலரேட்டர் இணைப்பையும் சேர்த்து இழுக்க, எஞ்சின் இன்னும் விரைந்து ஓடும். காலை எடுத்தாலும் கார் அடங்காது. எஞ்சின் மேலெழாதபடி இழுத்துப் பிடிக்க ஒரு கம்பி வடத்தைப் பூட்டுவதே அன்று செய்யப்பட்ட பரிகாரம். மினியில் ஆக்ஸிலரேட்டர் இணைப்பு வளைந்துகொடுக்கும் கேபிள் ஆதலால் அபாயம் அவ்வளவு நேரடியானதன்று. ஆயினும் கேபிளை மிச்சமின்றி இறுக்கமாகப் பூட்டியிருந்தால், எஞ்சின் முன்னோக்கிச் சாயும்போது, அதாவது வளைவுக்கு முன்னர் ஓட்டுநர் காலை எடுக்கும் அதே நொடியில், கேபிள் இழுபட இடமுண்டு. அந்த நொடியில் கார் தன் சொல்லைக் கேட்கவேண்டும் என்றுதான் எந்த ஓட்டுநரும் விரும்புவார்.

மாற்றுவது என்று முடிவு செய்தபின் எழும் கேள்வி, எதனால் மாற்றுவது என்பது. ரப்பரே வேண்டாம், அலுமினியக் கட்டையை வைத்து எஞ்சினை அசையாமல் பூட்டிவிடுவோம் என்பார் பந்தயக்காரருள் உண்டு. 1967-இல் டச்சு கிராண்ட் பிரீயில் தோன்றி முதல் ஓட்டத்திலேயே வென்ற லோட்டஸ் 49 காரை அவர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அதில் காஸ்வொர்த் எஞ்சினைக் காரின் உடலோடு ரப்பரின்றிப் பூட்டி, பின் சக்கரங்களை அந்த எஞ்சினிலேயே தொங்கவிட்டிருந்தார்கள். மெய்தான். ஆனால் அங்கே எஞ்சினே சட்டம். ஒவ்வொரு பகுதியும் அந்த அதிர்வை ஏற்பதற்கென்றே கணக்கிட்டுச் செய்யப்பட்டது. மினியின் முன் சட்டமோ மெல்லிய தகட்டை மடித்துப் பற்றவைத்தது. பிறந்து அறுபது ஆண்டுகளும் ஆகிவிட்டன. நொடிக்கு 233 உதைப்பை நேரே அதன்மேல் செலுத்தினால் பற்றுகள் விரியும், நட்டுகள் தாமே கழலும். எஸ்.யு. கார்ப்புரேட்டரின் மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் மோர்போல் நுரைத்து, எஞ்சின் உச்ச வேகத்தில் பட்டினி கிடக்கும். ரப்பரில் எஞ்சினின் ஆற்றல் வீணாகிறது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. சக்கரத்துக்குப் போகும் முறுக்கில் ரப்பர் கடன் வாங்குவதில்லை. அது வந்து சேரும் கணத்தைச் சிறிது தாமதப்படுத்துகிறது, அவ்வளவே.

இரண்டுக்கும் நடுவில் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருள் இருக்கிறது. ரப்பரைவிடக் கடினமானது, எண்ணெய்க்கு அஞ்சாதது. அதனைக் கண்டவுடன் எல்லா இடங்களிலும் வைத்துவிடுவது இன்று வழக்கமாயிருக்கிறது. என் கருத்து வேறு. கீழ்த் தாங்கிகளைப் புதிய ரப்பரிலேயே, வேண்டுமானால் சற்றுக் கடின வகையில், வைக்கலாம். அவை எடையைத் தாங்கி அதிர்வை விழுங்கட்டும். நிலைக்கம்பியின் பூண்களை மட்டும் பாலியூரித்தேனாக மாற்றலாம். 1970-களில் வந்த மினிகளில் உள்ளதுபோல் கீழேயும் ஒரு நிலைக்கம்பியைச் சேர்த்தால் இன்னும் நன்று. மேலும் கீழும் இருந்து பிடிக்கும்போது எஞ்சின் முறுகாது. ஆனால் நுண்ணிய அதிர்வுக்கு இடம் இருக்கும். வேலையை இரண்டாகப் பிரித்த 1931-ஆம் ஆண்டுப் பாடம் இங்கே பயன்படுகிறது. பழங்கார்ப் பந்தயங்களில் எது அக்காலத்தது, எது ஆகாதது என்பதற்குக் கண்டிப்பான விதிகள் உண்டு. சர்வதேசப் போட்டிகளுக்கு 'அனுபந்தம் கே' என்ற விதித்தொகுப்பே இருக்கிறது. வாங்குவதற்கு முன் விதியைப் படித்துவிடுதல், பரிசை வென்றபின் இழப்பதைத் தவிர்க்கும்.

இன்னொரு கண்ணி: நாற்பது ஆண்டுகளாகப் பிரிக்கப்படாத பெட்டியில், பழைய கம்பெனி முத்திரையோடு ஒரு தாங்கி கிடைத்தால் பலர் புதையல் கண்டதுபோல் மகிழ்வர். ரப்பர் பெட்டிக்குள்ளும் முதுமை அடையும். அது ஓடாமல் கிழடானது, உங்களுடையது ஓடிக் கிழடானது, வேறுபாடு அவ்வளவே.

பொருத்தும் முறைக்கு வருவோம். பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவது முதல் வேலை. நிலைக்கம்பி, புகைக்குழாய் இணைப்பு, ரேடியேட்டரின் கீழ்ப் பிடி ஆகியவற்றைத் தளர்த்தியபின், கியர்ப் பெட்டியின் அடியில் அகலமான மரக்கட்டையை வைத்து ஜாக்கியால் எடையை ஏற்கவேண்டும். கட்டை இன்றி உயர்த்தினால் அலுமினியப் பெட்டி விரிசல் காணும். தாங்கியை வெளியே எடுக்கும் அளவுக்கு மட்டுமே எஞ்சினை உயர்த்தலாம். அதற்கு மேல் உயர்த்தினால் நீர்க்குழாய்களும் சக்கர அச்சின் உள் இணைப்புகளும் வருந்தும். தொடக்க கால மினிகளில் அந்த இணைப்புகளும் ரப்பரே. கசிந்த எண்ணெய் அவற்றையும் விட்டுவைப்பதில்லை. ஆகவே அங்கே கை சென்றதும் அவற்றையும் ஒருமுறை பார்த்துவிடவேண்டும். கிளட்ச்ப் பக்கத்துத் தாங்கி கிளட்ச் மூடியோடு பிணைந்திருப்பதால் அதற்கு வேலை சற்றுக் கூடுதல். அந்த அலுப்புக்காக அதை விட்டு, எளிதான பக்கத்தை மட்டும் மாற்றுவாரும் உளர். அது பெருந்தவறு. ஒரு பக்கம் தளர்ந்த ரப்பரும் மறு பக்கம் புது ரப்பருமாக எஞ்சின் சாய்ந்து அமர்ந்து, புதியதையும் விரைவில் பழையதாக்கிவிடும்.

புதுத் தாங்கிகளை வைத்தபின் எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டுமே திருகவேண்டும். ஒன்றை ஸ்பேனரால் இறுக்கிவிட்டு அடுத்ததன் துளை ஒத்துவரவில்லை என்று நெம்புகோலைத் தேடுவது அறியாதார் செய்கை. எல்லாம் இடம் கண்டபின் ஜாக்கியை இறக்கி, எஞ்சினை இருபுறமும் நன்றாகக் குலுக்கி, அது தானே விரும்பிய இடத்தில் அமர்ந்தபின் இறுக்கவேண்டும். நிலைக்கம்பி கடைசி. நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வகைக் கம்பியாயின், எஞ்சின் ஓய்ந்திருக்கையில் போல்ட் விரலால் தள்ளினாலே துளைக்குள் நுழையும் வண்ணம் நீளத்தை அமைக்கவேண்டும். இழுத்துப் பிடித்துப் பூட்டினால் பூணும் தாங்கியும் பிறந்த நாள் முதலே ஒன்றோடொன்று சண்டையிடும்.

பலரும் மறக்கும் ஒரு சிறு பொருள் உண்டு. ரப்பரின் வழியே மின்சாரம் பாயாது. ஆகவே எஞ்சினையும் காரின் உடலையும் பின்னிய செப்புப் பட்டை ஒன்று இணைக்கிறது. மினியில் அது பெரும்பாலும் நிலைக்கம்பியின் பக்கத்திலேயே இருக்கும். வேலைக்காகக் கழற்றியதைத் திரும்பப் பூட்ட மறந்தால், ஸ்டார்ட்டருக்கு வேண்டிய பெரு மின்னோட்டம் வேறு வழி தேடி ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் சோக் கேபிள் வழியாகவும் பாயும். கேபிள் சிவந்து புகையும்; உள்ளே உருகிப் பிடித்துக்கொள்ளவும் கூடும். பட்டையின் இரு முனைகளையும் துருப்போகத் தேய்த்துப் பூட்டிய பின்னரே பாட்டரியை இணைக்கவேண்டும்.

பிறகு எஞ்சினை ஓடவிட்டு, உதவியாள் ஒருவரைக் காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சைச் சிறிதே விடச் சொல்லி, காரின் முன்னே நில்லாமல் பக்கத்தில் நின்று கவனியுங்கள். எஞ்சினின் தலை சில மில்லிமீட்டர் அசைந்து நிற்கவேண்டும். கார்ப்புரேட்டரின் வாய் தடுப்புத் தகட்டைத் தொடுகிறதா, புகைக்குழாய் எங்கேனும் உரசுகிறதா, கேபிளில் சிறிது தளர்ச்சி இருக்கிறதா என்பவற்றை அப்போதே பார்த்துவிடலாம். ஓடுகளத்தில் முதற் பயிற்சி ஓட்டம் முடிந்து திரும்பியதும், எஞ்சின் ஆறிய பின் ஒவ்வொரு போல்ட்டையும் மீண்டும் இறுக்கிப் பார்க்கவேண்டும். புது ரப்பர் முதல் ஓட்டத்திலேயே சற்று அமுங்கும், சில நட்டுகள் கால் சுற்றாவது இடங்கொடுக்கும். அந்தக் கால் சுற்றைத் திருகிவிட்டு, போல்ட்டின் தலைக்கும் சட்டத்துக்கும் சேர்த்து வண்ணத்தால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த முறை கோடு விலகியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தாலே போதும்.